பலிபீடமற்ற கூடம்: தென் திருவிதாங்கூர் இலண்டன் மிஷன் ஆலயங்களின் வரலாறும் அமைப்பும்

முன்னுரை

கிள்ளான் துறைமுகத்திற்குத் தெற்கே, லங்காட் ஆற்றின் கழிமுகத்தால் பெருநிலத்தினின்று பிரிந்து கிடப்பது கேரித் தீவு. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்டத் துரையின் பெயரை அது தாங்கியுள்ளது. மா மெரி பழங்குடி மக்களின் வாழ்விடமான இத்தீவு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பயிரிடப்பட்டுப் பின்னர் செம்பனைக் காடாக மாறியது. தோட்ட மக்களின் வழிபாட்டிடங்களைப் பற்றிய களப்பணிக்காக மாணவர்களை அங்கு அழைத்துச் சென்ற ஒரு நாளில் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

மாணவர்கள் மாரியம்மன், முனீஸ்வரர், முருகன் எனக் கோயில்களைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தனர். சிலாங்கூரின் வேறொரு தோட்டத்தில் வளர்ந்த மாணவி ஒருவர் மட்டும் எதுவும் எழுதாமல் நின்றார். அவருடைய முன்னோர் நாகர்கோவிற் பகுதியிலிருந்து கிராணி வேலைக்கு வந்தவர்கள். காரணம் கேட்டபோது, "எங்களுக்கு ஆலயம் என்று தனியாக ஒன்றும் இருக்கவில்லை, டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடக் கூடத்தில்தான் ஜெபம். கோபுரமும் இல்லை, சிலையும் இல்லை. எழுதுவதற்கு என்ன இருக்கிறது?" என்றார்.

இக்கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கோபுரமும் சிற்பமும் உள்ள இடத்தையே கட்டடக்கலை எனக் கொள்ளும் வழக்கம் நம்மிடம் ஆழ வேரூன்றியுள்ளது. வெறுங்கூடம் என்பது வசதியின்மையின் விளைவு என்றே கருதப்படுகிறது. ஆயினும் கிறித்தவ மரபுகளுள் ஒன்று, வெறுங்கூடத்தை வேண்டுமென்றே தேர்ந்து, அதனைத் தன் சமயக் கொள்கையின் வெளிப்பாடாக வளர்த்தெடுத்துள்ளது. அம்மரபின் தமிழ்க்கிளை தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், 1809 முதல் உருப்பெற்றது. அக்கூடங்களின் வரலாற்றையும் அமைப்பையும் விளக்கி, ஒரே தளத்தில் அனைவரும் அமரும் கூடம் அக்காலத் தமிழ்ச் சமூகத்தில் எத்தகைய பொருளைப் பெற்றது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மரபின் தோற்றம்: வேல்ஸ் நாட்டுச் சேப்பல்

இம்மரபைப் புரிந்துகொள்ளப் பிரிட்டனுக்குச் சற்றுச் சென்று வரவேண்டும். 1662ஆம் ஆண்டின் ஒருமைச் சட்டம், இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு நூலை ஏற்காத குருமாரைப் பதவியினின்று நீக்கியது. அவ்வாறு இணங்க மறுத்தோர் இணங்காச் சபையினர் எனப்பட்டனர். 1689ஆம் ஆண்டின் பொறுதிச் சட்டத்திற்குப் பின்னரே அவர்கள் பதிவு செய்யப்பட்ட கூடங்களில் வெளிப்படையாக வழிபட முடிந்தது. அவர்களுள் சுயாதீன சபையார் எனப்பட்டோர், ஒவ்வோர் ஊர்ச் சபையும் தனக்கான போதகரைத் தானே தேர்ந்து தன் காரியங்களைத் தானே நடத்த வேண்டும் என்னும் கொள்கையினர். பேராயருக்கோ அரசுக்கோ அவர்கள் அதில் இடமளிக்கவில்லை.

இச்சபைகள் வேல்ஸ் நாட்டில் பெருகியதைப் போல வேறெங்கும் பெருகவில்லை எனலாம். அங்கு முதற் சுயாதீன சபை 1639இல் லன்வாக்கஸ் என்னும் ஊரில் கூடியது. 1851ஆம் ஆண்டின் சமயக் கணக்கெடுப்பின்போது, அந்நாட்டில் வழிபாட்டிற்குச் சென்றோரில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் இணங்காச் சபைகளுக்கே சென்றனர். சேப்பல் எனப்படும் அவர்களின் கூடம் சிற்றூர்தோறும் எழுந்தது. விவிலியத்திலிருந்து எடுக்கப்பட்ட பெத்தேல், சாலேம், எபனேசர் ஆகிய பெயர்களை அவை தாங்கின. பெத்தெஸ்தா என்னும் ஊரோ தன் பெயரையே அங்கிருந்த சேப்பலிலிருந்து பெற்றது.

முனைவர் பட்ட ஆய்விற்காகப் பிரிட்டனில் தங்கியிருந்த காலத்தில், வை ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலுள்ள மேசிரோனன் சேப்பலைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. பண்ணைக் கட்டடம் ஒன்றை மாற்றி 1690களில் அமைத்தது அது. தொலைவிலிருந்து பார்ப்போர் அதனை ஓர் உழவர் வீடு என்றே எண்ணுவர். கோபுரமில்லை, மணியில்லை, வண்ணக் கண்ணாடியுமில்லை. உள்ளே, நீண்ட சுவர் ஒன்றின் நடுவே பிரசங்க பீடம். அதன் முன்னே ஒரு மேசை. அதனை நோக்கி மூன்று புறமும் மரவிருக்கைகள். அவ்வளவே. ஆயினும் அங்கு அமர்ந்தவுடன் ஒன்று தெளிவாகிறது. எந்த இருக்கையிலிருந்தும் பேசுபவரின் முகம் தெரிகிறது. பேசுபவருக்கும் அனைவர் முகமும் தெரிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வடிவம் வளர்ச்சி கண்டது. வாயில் நீண்ட சுவரிலிருந்து குறுகிய முகப்பிற்கு மாறியது. மூன்று புறமும் மாடங்கள் எழுந்தன. பிரசங்க பீடத்தைச் சூழ்ந்து சபை மூப்பர் அமரும் 'பெரிய இருக்கை' அமைந்தது. அருகே சிறுவர்க்குக் கல்வி புகட்டும் அறையும் சேர்ந்தது. ஆனால் அடிப்படை மாறவில்லை. வழிபாட்டின் மையம் பலிபீடமன்று, வாசிக்கப்பட்டு விளக்கப்படும் சொல்.

2. தஞ்சையிலிருந்து மயிலாடிக்கு

1795இல் இலண்டனில் தோன்றிய மிஷன் சங்கம், பின்னாளில் இலண்டன் மிஷன் எனப் பெயர் பெற்று, பெரிதும் இச்சுயாதீன சபையாரின் ஆதரவால் இயங்கியது. வேல்ஸ் நாட்டின் நயிவத்லுயித் சேப்பலைச் சார்ந்த இரு இளைஞரை அது 1818இல் மடகாஸ்கருக்கு அனுப்பியது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே, 1806இல், அதன் ஊழியர் வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென் திருவிதாங்கூரில் நுழைந்திருந்தார். இவர் ஜெர்மானியர், லுத்தரன் மரபில் பயின்றவர்.

அவரை அழைத்தவர் மயிலாடியைச் சார்ந்த ஒரு தமிழர் என்பது குறிப்பிடத்தக்கது. மகாராசன் என்னும் இயற்பெயர் கொண்ட வேதமாணிக்கம், பறையர் சமூகத்தில் பிறந்தவர். சிதம்பரத்திற்குத் திருத்தல யாத்திரை சென்றவர், தஞ்சையில் கிறித்தவ உறவினரைக் கண்டு, அங்கு கோலாப் ஐயரின் போதனையைக் கேட்டு 1799இல் திருமுழுக்குப் பெற்றார். ஊர் திரும்பிச் சிறு சபையொன்றைக் கூட்டி, அதற்கு ஒரு போதகரை வேண்டி நின்றார். ஆகவே இங்கு சபை முதலில் தோன்றியது, மிஷனரி பின்னரே வந்தார். சுயாதீன சபையின் கோட்பாட்டை எவரும் கற்பிக்காமலே மயிலாடி அதன்படி தொடங்கியது எனலாம்.

ஆலயம் கட்டுவது எளிதாக இருக்கவில்லை. அரசின் இசைவு தேவைப்பட்டது. திவான் வேலுத்தம்பி அதற்கு இணங்கவில்லை. 1809இல் வேலுத்தம்பியின் கிளர்ச்சி முடிவுற்ற பின்னரே இசைவு கிடைத்து, அவ்வாண்டே மயிலாடியில் முதல் ஆலயம் எழுந்தது. 1816இல் உடல்நலங்குன்றிய ரிங்கல்தௌபே நாட்டை விட்டு நீங்கியபோது, சபைப் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். சார்லஸ் மீட் 1818இல் வந்து சேரும்வரை ஏறத்தாழ ஈராண்டுகள், தெருவில் நடக்கவும் தடைகள் விதிக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தைச் சார்ந்தவரே அச்சபைகளின் தலைவராக இருந்தார்.

வேதமாணிக்கம் தஞ்சையில் கண்ட ஆலயத்திற்கும் மயிலாடிக்கும் இடையே ஒரு வேறுபாடு எண்ணத்தக்கது. தஞ்சைச் சபைகளில் வேளாளர் ஒருபுறமும் ஒடுக்கப்பட்டோர் மறுபுறமும் அமரும் வழக்கம் நிலவியது. அதனைக் கைவிடுமாறு கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தபோது பெரும் பிளவு ஏற்பட்டது. கீர்த்தனைகளால் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியாரும் பழைய வழக்கத்தைக் காக்க முனைந்தோர் பக்கமே நின்றார். ஆலயத்திற்குள் யார் எங்கே அமர்வது என்பது, தமிழ்க் கிறித்தவத்தின் முதல் நூற்றாண்டுகளில் இறையியற் சிக்கலாகவே விளங்கிற்று.

3. நாகர்கோவிற் பேராலயமும் அதன் முரணும்

மீட் மிஷனின் தலைமையிடத்தை மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றினார். பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மன்ரோவின் முயற்சியால் இராணி கௌரி பார்வதிபாய் ஒரு பங்களாவையும், நெல்வயல் வாங்குவதற்கு 5000 ரூபாயையும் மிஷனுக்கு வழங்கினார். இன்று ஹோம் சர்ச் என மக்கள் வழங்கும் ஆலயத்திற்கு 1819 சனவரி 1ஆம் நாள் ரிச்சர்ட் நில் அடிக்கல் நாட்டினார். அதற்கான மரமும் அரசின் கொடையாகக் கிடைத்தது எனச் சபை வரலாறுகள் கூறும். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடத்தக்க அக்கருங்கற் கட்டடம், அன்றிருந்த சிறு சபைக்கு மிகப் பெரிது. வரப்போகும் கூட்டத்தை எண்ணியே அது கட்டப்பட்டது.

இங்கு ஒரு முரண் உண்டு. அரசின் பிடியினின்று விலகி நிற்பதே சுயாதீன சபையின் பிறப்புரிமை. தாய்நாட்டில் அரசுத் திருச்சபைக்கு இணங்க மறுத்தவர்களின் மிஷன், திருவிதாங்கூரில் அரசின் பணத்தையும் மரத்தையும் ஏற்றது. மீட் சிறிது காலம் நாகர்கோவிலில் நீதிபதியாகவும் பணியாற்றினார். அக்காலத்தில்தான் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தனர். நீதிபதியின் நாற்காலியும் போதகரின் பீடமும் ஒருவரிடமே இருப்பதைச் சங்கத்தின் இயக்குநர்கள் விரும்பவில்லை. மீட் நீதிப்பதவியைத் துறந்தார். இம்முரணை மறைத்து எழுதுவது வரலாறாகாது. அதே வேளை, ஊழியம் என்னும் கூலியில்லாக் கட்டாய வேலைக்கு எந்நேரமும் அழைக்கப்படக்கூடிய மக்களுக்கு, அரசின் கொடையும் நீதிபதியின் துணையும் எத்துணை பெரிய பாதுகாப்பாகத் தோன்றியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊழியத்தினின்று கிறித்தவர்களுக்கு விலக்கு மன்ரோவின் காலத்திலேயே கிடைத்தது. ஆலயத்திற்குச் செல்லும் நேரம் கூட அரசாணையால் பெறப்பட வேண்டியிருந்தது.

இதனோடு ஒப்பிட, மெய்ஞ்ஞானபுரத்தை நோக்கலாம். 1844இல் அடிக்கல் நாட்டப்பட்ட அங்குள்ள தூய பவுல் ஆலயம், 192 அடி உயரக் கூர்ங்கோபுரமும் கோதிக் வளைவுகளும் கொண்டது. அதனை எழுப்பிய ஜான் தாமஸ் ஆங்கிலிக்கன் மிஷனரி, பிறப்பால் வேல்ஸ் நாட்டவர். வேல்ஸ் நாட்டவர் கட்டியது ஆங்கிலேய அரசுத் திருச்சபையின் வடிவம். ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் தமிழரும் சேர்ந்து கட்டியவையோ வேல்ஸ் நாட்டுச் சேப்பலின் உறவினங்கள். கட்டடத்தின் வடிவத்தை முடிவு செய்தது இனமன்று, சபைக் கொள்கையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

4. கூடத்தின் அமைப்பு

தென் திருவிதாங்கூரின் சிற்றூர்ச் சபைகள் நாகர்கோவிலைப் போன்றவை அல்ல. மண் சுவர், பனையோலைக் கூரை, சாணமிட்டு மெழுகிய தரை என்பதே அவற்றின் தொடக்க நிலை. வசதி பெருகப் பெருகக் கல்லும் சுண்ணாம்பும் ஓடும் வந்தன. எந்நிலையிலும் அமைப்பின் கூறுகள் நான்கே.

முதலாவது, நீள்சதுரக் கூடம். சிறியவற்றில் தூண்களும் இல்லை. பார்வையை மறைக்கும் எதுவும் உள்ளே இருத்தலாகாது என்பதே விதி. இரண்டாவது, உயர்ந்த பிரசங்க பீடம். உபதேசியாரின் குரல் கடைசி வரிசைவரை சென்றடைய உயரம் தேவை. அது புனிதத்தின் உயரமன்று, ஒலியின் உயரம். மூன்றாவது, பீடத்தின் முன்னே தரைமட்டத்தில் இடப்பட்ட திருவிருந்து மேசை. அது பலிபீடமன்று, மேசை. அதனைச் சுற்றி வேலியோ திரையோ இல்லை. நான்காவது, ஒளி. பக்கச் சுவர்களில் வரிசையாக அமைந்த சாளரங்களும் கதவுகளும் காற்றுக்கு மட்டுமல்ல, வாசிப்பதற்கும் உரியவை. எழுத்தறிந்தோர் நூலைக் கையில் வைத்து வசனத்தைத் தொடர வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது.

தமிழாசிரியர்கள் நன்கறிந்த திருக்கோயில் அமைப்போடு இதனை வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என உள்ளே செல்லச் செல்ல இடம் குறுகுகிறது, ஒளி மங்குகிறது, நுழையத் தக்கோர் எண்ணிக்கையும் குறைகிறது. புனிதம் ஒரு புள்ளியில் திரண்டு நிற்க, வழிபடுவோர் அதனை நோக்கிப் படிப்படியாக நெருங்குகின்றனர். இது தனக்கேயுரிய ஆழ்ந்த அழகியல் கொண்ட அமைப்பு. மேற்கத்தியப் பேராலயங்களிலும் மக்கள் அமரும் பகுதி, பாடகர் பகுதி, பலிபீடம் என்னும் படிநிலை உண்டு. சேப்பல் அமைப்பில் இப்படிநிலை இல்லை. கட்டடத்தின் எந்த மூலையும் மற்ற மூலையை விடப் புனிதமானதன்று. சபை கலைந்தபின் அது பொதுக்கூடமே. ஆகவேதான் வாரநாட்களில் அங்கு பள்ளி நடத்துவதில் யாருக்கும் தயக்கமிருக்கவில்லை.

இக்கடைசிச் செய்தி கல்வி வரலாற்றில் முக்கியமானது. நாகர்கோவிற் செமினரி 1819இலும் மிஷன் அச்சகம் 1820இலும் தொடங்கின. 1821இல் மார்த்தா மால்ட் பெண்களுக்குப் பின்னல் வேலை கற்பித்தார். ஆனால் சிற்றூர்களில் கல்வி பரவியது இத்தலைமையிடங்களால் மட்டுமன்று. ஞாயிறு ஆலயமாகவும் திங்கள் பள்ளியாகவும் விளங்கிய அந்த ஒற்றைக் கூடத்தாலேயே அது இயன்றது. உபதேசியாரே ஆசிரியர், பாயே இருக்கை.

வேல்ஸ் நாட்டுக் கூடத்தினின்று இங்கு மாறியவையும் உண்டு. மரவிருக்கைகளுக்கு மாறாக மக்கள் தரையில் அமர்ந்தனர். ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமும் இருந்தனர். மாடங்கள் அரிதாயின, தாழ்வாரங்கள் சேர்ந்தன. தரையில் அமர்தல் வறுமையின் அடையாளம் எனத் தோன்றலாம். ஆயினும் அது ஒரு வகையில் மூலக் கொள்கையை மேலும் கூர்மையாக்கியது. பிரிட்டனின் சேப்பல்களில் வாடகை செலுத்திய குடும்பத்திற்கென்று இருக்கை ஒதுக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. பாயில் அமரும் சபைக்கு அத்தகைய வேறுபாடு எளிதில் வாய்ப்பதில்லை.

5. ஓடும் மேலாடையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் திருவிதாங்கூரில் நாடார் எனப் பின்னர் வழங்கப்பெற்ற சாணார், பறையர், புலையர் முதலியோர் செருப்பணியவும் குடைபிடிக்கவும் பொன்னணி பூணவும் தடை இருந்தது. தம் வீட்டிற்கு ஓடு வேயவும் அவர்களுக்கு உரிமையில்லை. இப்பின்னணியில் சிற்றூர் ஆலயத்தின் மேல் ஏறிய ஓட்டுக்கூரை, மழைக்கான ஏற்பாடு மட்டுமன்று. ஓலைக் குடிசையில் வாழ விதிக்கப்பட்டவர்கள், ஓடு வேய்ந்த ஒரு கட்டடத்தைத் தமக்கெனக் கொண்டு, அதன் முன்வாயில் வழியே நுழைந்தனர். அதனைக் கண்டு சினந்தோரும் அதன் பொருளைச் சரியாகவே உணர்ந்திருந்தனர்.

மேலாடைச் சிக்கலும் இக்கூடத்தோடு பிணைந்ததே. மிஷன் பெண்கள் வடிவமைத்த குப்பாயம் என்னும் சட்டையை அணிந்து கிறித்தவ நாடார் பெண்கள் ஆலயத்திற்கும் சந்தைக்கும் சென்றனர். 1822 முதல் அவர்கள் தாக்கப்பட்டனர். 1829ஆம் ஆண்டின் அரசாணை குப்பாயத்தை அனுமதித்தது, ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணிவதைத் தடுத்தது. 1827 முதல் 1830 வரையிலும், மீண்டும் 1858, 1859ஆம் ஆண்டுகளிலும் ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. இறுதியாக 1859 சூலை 26ஆம் நாள் ஆணையால் நாடார் பெண்களுக்கு மார்பை மறைக்கும் உரிமை, சில வரம்புகளோடு, ஏற்கப்பட்டது.

தாக்கியோர் ஏன் கூடங்களை எரித்தனர்? அவற்றுள் கொள்ளையிடப் பொன்னோ சிலையோ இல்லை. எரிந்தது ஓலையும் மரமும் சில புத்தகங்களுமே. ஆயினும் உடையணிந்த பெண், எழுத்தறிந்த சிறுவன், ஒரே தரையில் அமர்ந்த கூட்டம் ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்பட்ட இடம் அதுவே. சிற்பமோ ஓவியமோ இல்லாத கட்டடம் எதனையும் சொல்வதில்லை என்பார்க்கு இத்தீயே விடையாகும்.

6. கூடத்திற்குள் சாதி

எனினும் கூடத்தின் வடிவம் தானே சமத்துவத்தைப் படைத்துவிட்டது எனக் கூறுதல் மிகையாகும். மயிலாடியில் பறையர் சமூகத்தவரால் தொடங்கிய சபைகளில், பின்னர் நாடார் சமூகத்தவர் பெரும்பான்மையாயினர். இரு சமூகத்தாரும் பல ஊர்களில் தனித்தனிச் சபைகளாகவே கூடினர். ஒரே கூடத்தில் ஒன்றாய் அமரும் சிக்கலைத் தவிர்க்க இரண்டு கூடங்கள் எழுந்தன. ஊர்ச் சபையின் தன்னாட்சி என்னும் உயர்ந்த கொள்கை, ஒவ்வொரு சமூகமும் தனக்கென ஒரு சபையை வைத்துக்கொள்ள வசதியாகவும் அமைந்தது. டிக் கூய்மன் 1989இல் வெளியிட்ட ஆய்வுநூல், மதமாற்றத்திற்கும் சமூகச் சமத்துவத்திற்கும் இடைப்பட்ட இத்தொலைவை விரிவாகவே ஆராய்கிறது.

இதனால் கூடத்தின் பொருள் குன்றிவிடுகிறதா? அவ்வாறு தோன்றவில்லை. படிநிலையுள்ள கட்டடத்தில் வேற்றுமை கல்லிலேயே எழுதப்பட்டிருக்கும். அதனைக் குறை கூறுவோர் கட்டடத்தையே மாற்ற வேண்டும். சமதளக் கூடத்திலோ வேற்றுமையைப் பாராட்டுவோரே கட்டடத்திற்கு எதிராக நடந்துகொள்ள வேண்டியவராகின்றனர். தரை அவர்களுக்குத் துணைநிற்பதில்லை. இதுவே அவ்வடிவத்தால் இயன்றது. எஞ்சியது மனிதர் செய்ய வேண்டியது.

7. பிற்கால மாற்றங்கள்

1860ஆம் ஆண்டை ஒட்டிய பஞ்சத்தின்போது தென் திருவிதாங்கூர்க் கிறித்தவர் பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். 1908இல் சுயாதீன சபையாரும் பிரஸ்பிட்டேரியரும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபை தோன்றியது. 1947 செப்டம்பர் 27இல் அதுவும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. பேராயரை ஏற்காத மரபு பேராயரை ஏற்றது. இம்மாற்றம் கட்டடங்களிலும் படிந்தது. மேசை இருந்த இடத்தில் உயர்மேடையும் சிலுவையும் வந்தன. பீடம் நடுவிலிருந்து ஓரத்திற்கு நகர்ந்தது. எளிய முகப்புகளின் மேல் கோபுரங்கள் எழுந்தன. வெளிநாடுகளிலிருந்து உறவினர் அனுப்பும் பணத்தால் பழைய கூடங்கள் இடிக்கப்பட்டுப் பெரிய ஆலயங்கள் கட்டப்படுவது இன்று இயல்பாகிவிட்டது. தம் ஊர் ஆலயம் கம்பீரமாக விளங்க வேண்டும் என விரும்பும் உரிமை அச்சபையாருக்கு உண்டு. ஆனால் இடிக்கப்படுவது எளிமை மட்டுமன்று, ஓர் ஆவணமும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்கும் கடமை நமக்கு உண்டு.

முடிவுரை: தோட்டத்துக் கூடங்கள்

மீண்டும் கேரித் தீவிற்கு வருவோம். மலாயாவின் தமிழ்க் கிறித்தவர் பல மரபுகளிலிருந்து வந்தவர். பிரிக்பீல்ட்ஸில் 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயம் தரங்கம்பாடி மரபின் தொடர்ச்சி. மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கரும் கத்தோலிக்கரும் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தத்தம் ஆலயங்களை நிலைநிறுத்தினர். நகரத்து ஆலயங்களுக்கு அடிக்கல்லும் பதிவேடும் உண்டு. தோட்டத்து ஜெபக்கூட்டங்களுக்கு அவை பெரும்பாலும் இல்லை. பத்துப் பிள்ளைகள் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஒற்றைக் கூடம், சில தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்திற்கும் பயன்பட்டது. மயிலாடியில் ஆலயம் பள்ளியாயிற்று. இங்கு பள்ளி ஆலயமாயிற்று. அம்மாணவியின் முன்னோர் அதனைக் குறையாக உணர்ந்திருக்கத் தேவையில்லை. அவர்கள் விட்டுவந்த மரபில் ஆலயம் என்பதே அதுதான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டிற்கு விற்கப்பட்டும் இக்கூடங்கள் மறைந்துவிட்டன. கேரித் தீவைப் பற்றியும் துறைமுகத் திட்டங்கள் நெடுநாளாகப் பேசப்பட்டு வருகின்றன. வேல்ஸ் நாட்டில் சேப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது, அந்நாட்டுத் தொல்சின்ன ஆணையம் ஆயிரக்கணக்கான சேப்பல்களைப் பதிவு செய்து, எளிய கூடமும் தேசியச் சொத்தே என நிலைநாட்டியது. நம்மிடம் அத்தகைய ஆணையம் இல்லாவிடினும் மாணவர்களும் தமிழாசிரியர்களும் இருக்கின்றனர். கோபுரமில்லாக் கூடத்தைப் பதிவு செய்யச் சென்றால் கேட்கத்தக்க கேள்விகள் சில: கூரைக்கான செலவை யார் ஏற்றனர்? தோட்ட நிருவாகமா, கூடியவர்களா? பேசுபவர் எங்கே நின்றார்? அவர் போதகரா, கிராணியா, பால்மரம் வெட்டியவரா? பெண்கள் எப்பக்கம் அமர்ந்தனர்? கிராணியின் குடும்பம் நாற்காலியிலும் லயத்தார் தரையிலும் அமர்ந்தனரா, அன்றி அனைவரும் ஒரே பாயிலா? எந்தக் கீர்த்தனைகள் பாடப்பட்டன? மறுநாள் அதே இடத்தில் எவ்வகுப்பு நடந்தது?

இவற்றுக்கு விடை சொல்லக்கூடியோர் பலர் எண்பதைக் கடந்துவிட்டனர். அன்று எதுவும் எழுதாமல் நின்ற மாணவியிடம் இக்கேள்விகளைக் கொடுத்து, அவருடைய பாட்டியிடம் கேட்டு வருமாறு கூறினேன். அவர் கொண்டு வந்தது ஒரு தாள். பாட்டி சொல்லச் சொல்ல வரையப்பட்ட நீள்சதுரம் ஒன்று, அதில் இரண்டு கதவுகள், ஒரு கரும்பலகை, அதன் முன்னே ஒரு மேசை. மேசையைச் சுற்றி வேலி இல்லை.